நனிசைவமும் நம்முடைய பந்தியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

சென்னை மாநகரின் தென்பகுதியில் சில ஆண்டுகளாக ஒரு புதுச்சொல் உலவி வருகிறது. 'வீகன்' என்பது அச்சொல். தமிழில் இதனை 'நனிசைவம்' என்று அழகாகப் பெயர்த்திருக்கிறார்கள். இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய், தேன் என உயிரினங்களிடமிருந்து கிடைக்கும் எதையும் உண்பதில்லை என்பது இக்கொள்கை. 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் பால் உண்ணாத சைவர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டபோது இச்சொல் பிறந்தது. எண்பது ஆண்டுகளில் அது கடல் கடந்து அடையாறு வரை வந்துவிட்டது. விடுமுறை நாட்களில் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடி, ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்து உண்கிறார்கள். புதிய உணவகங்கள் சிலவற்றில் இதற்கெனத் தனிப் பட்டியலே இருக்கிறது.

இதைக் கேட்டவுடன் நம் மாணவ நண்பர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். "இருக்கிறதைத் தின்ன வழியில்லை, இதில் இது வேறா?" என்பார்கள். மீதிப் பேர், "இதில் என்ன புதுமை? எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சைவம்தான்" என்பார்கள். இவ்விரு கூற்றுகளிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதை எழுதவே ஆண்டுமலரில் இந்த இடத்தைக் கேட்டுப் பெற்றேன்.

நான் நனிசைவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு. கையில் காசில்லாத ஞாயிற்றுக்கிழமை என்றால் கருவாட்டுக் குழம்பு. பள்ளியில் சத்துணவு முட்டையை உண்டு வளர்ந்த உடம்பு இது. விடுதியில் கோழி போடும் நாளன்று வரிசையில் முதலில் நிற்பவர்களில் நானும் ஒருவன். இருந்தும், எங்கள் துறையின் சீனியர் அக்கா ஒருவர் அழைத்துச் சென்றதால், அடையாறில் நடந்த அத்தகைய விருந்து ஒன்றுக்குப் போய்வந்தேன். வாழைப்பூ வடையும், தேங்காய்ப்பால் விட்ட சிறுபருப்புப் பாயசமும், எலுமிச்சை பிழிந்த அவலும், முந்திரியை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்த 'சீஸ்' என்னும் ஒரு பொருளும் இருந்தன. கடைசியில் சொன்னதைத் தவிர மற்றவை எல்லாம் அருமை. பாயசத்தை நான் மூன்று முறை வாங்கிக் குடித்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இவர்கள் வெளிநாட்டுப் பெயர் சூட்டிக் கொண்டாடும் இந்த உணவு நம் தெருவில் ஏற்கெனவே கிடைப்பதுதானே?

எண்ணிப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் உப்பும் நீரும் சேர்ந்தது இட்லி. அதில் மருந்துக்கும் பால் கிடையாது. மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ்ஸின் இட்லிக்கும் கெட்டிச் சட்னிக்கும் காலை வேளையில் ஆட்கள் காத்துக் கிடக்கிறார்களே, அந்தத் தட்டு முழுவதும் நனிசைவம். 2013ஆம் ஆண்டு மாநகராட்சி அம்மா உணவகத்தைத் தொடங்கி 1 ரூபாய்க்கு இட்லி கொடுத்தது, அதுவும் நனிசைவம். இடியாப்பம், புட்டு, ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால், நல்லெண்ணெயில் கிண்டிய புளியோதரை, கடற்கரையில் தேங்காயும் மாங்காயும் சேர்த்துத் தரும் பட்டாணிச் சுண்டல், வேர்க்கடலை உருண்டை, பனங்கிழங்கு, நுங்கு, இளநீர் எனப் பட்டியல் நீள்கிறது. மதுரைத் தெருக்களில் விற்கும் பருத்திப்பாலை எத்தனை பேர் குடித்திருக்கிறீர்கள்? பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, அரிசிமாவும் வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது அது. பாதாமில் பால் எடுக்கலாம் என்பதை உலகம் கண்டு வியக்கும் முன்பே நம்மவர்கள் பருத்திக் கொட்டையில் பால் எடுத்துவிட்டார்கள்.

தீபாவளி சமயத்தில் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் ஒரு மாதம் வேலை பார்த்தேன். இரவு பத்தரை மணிக்குக் கடையை மூடியபின், உடன் வேலை செய்த பெண்களும் பையன்களும் ரங்கநாதன் தெரு முனையில் நின்றுகொண்டு தின்றதெல்லாம் சுண்டலும் அவித்த கடலையும் மிளகாய்த்தூள் தூவிய மாங்காயும்தான். யாரும் அதற்குக் கொள்கைப் பெயர் வைக்கவில்லை. பசிக்குக் கிடைத்தது, காசுக்குக் கட்டுப்பட்டது, ருசியாகவும் இருந்தது.

ஆகவே இலையில் சிக்கல் அதிகமில்லை. சிக்கல் டம்ளரில் இருக்கிறது. மயிலாப்பூரில் நின்றுகொண்டு பில்டர் காப்பியைக் கைவிடு என்று ஒருவர் சொன்னால் அவருடைய பாதுகாப்புக்கு நான் பொறுப்பேற்க முடியாது. பொங்கலில் நெய், தோசையில் நெய், சாப்பாட்டின் முடிவில் தயிர் என்று நம் சைவ உணவகங்கள் பாலை நம்பியே நடக்கின்றன. மார்கழியில் சபாக்களின் சிற்றுண்டிச் சாலைகளுக்குக் கச்சேரி கேட்க வராதவர்களும் வருகிறார்கள் என்றால் அங்கே மணப்பது நெய்யும் காப்பியும்தான். பாலை விட்டால் இந்நகரத்தின் பாதி இன்பம் போய்விடும் என்று கருதுபவர்களை நான் குறைகூற மாட்டேன்.

பாலைப் பற்றிப் பேச எனக்கு வேறொரு தகுதியும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் அம்மா இரண்டு ஜெர்சி கலப்பு மாடுகளை வைத்துப் பால் ஊற்றுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் தேர்வுக் கட்டணமும் பால் சங்கத்திலிருந்து வந்த பணம். நான் கடைசியாகக் கேட்டபோது அங்கே லிட்டருக்கு, ஊக்கத்தொகையும் சேர்த்து, 38 ரூபாய். அடையாறில் ஓர் உணவகத்தில் பாதாம்பால் காப்பிக்கு 280 ரூபாய் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். என் அம்மா ஏழு லிட்டருக்கு மேல் கறந்து ஊற்றினால்தான் அந்த ஒரு காப்பியைக் குடிக்க இயலும்.

ஆனால் நனிசைவர்கள் பாலைப் பற்றிச் சொல்வது பொய்யா என்றால், இல்லை. மாடு வளர்த்தவனுக்கு அது தெரியும். பசு கன்று ஈன்றால்தான் பால். பிறப்பதில் ஏறத்தாழப் பாதி ஆண் கன்று. என் தாத்தா காலத்தில் ஆண் கன்றுக்கு ஏரும் வண்டியும் இருந்தன. இன்று உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. அந்தக் கன்றை வைத்துத் தீவனம் போட எங்களைப் போன்றவர்களால் முடிவதில்லை. சில வாரங்களில் வியாபாரி வருவார், கன்று போகும், எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. தாய்மாடு இரண்டு மூன்று நாள் கத்திக்கொண்டிருக்கும். சென்ற கோடை விடுமுறையில் அம்மாவிடம் இதைப் பேசினேன். "கன்ன நெனச்சா கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா உன் பரீட்சப் பீஸ் கட்ற அன்னிக்கு யாரு அத நெனப்பா?" என்றார்கள். இதற்கு விடை சொல்லாத நனிசைவம் எங்கள் ஊருக்குள் வர முடியாது. பாலுக்குப் பதில் எங்களுக்கு வேறு என்ன வருமானம் என்பதையும் அது சேர்த்தே பேச வேண்டும்.

இக்கேள்வி வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானதும் அன்று. காந்தியடிகள் 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலைத் துறந்தார். இங்கே கறவை மாடுகள் கடைசிச் சொட்டு வரை வதைத்துக் கறக்கப்படுவதை அறிந்து, பசும்பாலும் எருமைப் பாலும் தொடுவதில்லை என்று உறுதி பூண்டார். நோயில் விழுந்து 1919இல் ஆட்டுப்பாலுக்கு இணங்கியது அவருக்கே நெடுநாள் உறுத்தலாக இருந்தது. காந்தியடிகளையே ஆட்டம் காணச் செய்த கேள்வியை நாம் சிரித்துத் தள்ளிவிடலாகாது.

இனி, "எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சைவம்" என்பவர்களுக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சிறு அறை தேடினோம். வீட்டுக்காரர் வாடகை சொல்லவில்லை, முன்பணம் சொல்லவில்லை, "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்ற பலகையை மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும் வீடு தேடிய எவரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கேள்வி சமையலறையைப் பற்றியது மட்டுமா? உன் அப்பா பெயர் என்ன, உன் ஊரில் நீ எந்தத் தெரு என்று நேரடியாகக் கேட்க முடியாத காலத்தில் அதையே வேறு வாயால் கேட்பது அது. நாங்கள் அறையில் சமைக்கப் போவதில்லை என்று சொல்லியும் அவர் மனம் இளகவில்லை.

உணவை வைத்து மனிதனைத் தள்ளி உட்காரவைத்த வரலாறு நம் மண்ணில் நீண்டது. சேரன்மாதேவி குருகுலத்தில் சில பிள்ளைகளுக்கு மட்டும் தனியே உணவிட்டது 1924-25இல் தமிழகத்தையே உலுக்கியது. ரயில் நிலைய உணவுச் சாலைகளில் பிராமணர்களுக்கென இருந்த தனியிடம் 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் பெரியார், உணவகப் பெயர்ப்பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரித் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு மறியலைத் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் சிறை சென்று, அடுத்த ஆண்டில்தான் அந்தப் பலகையில் சொல் மறைந்தது. இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவர்க்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்புகள் ஒட்டப்பட்டுச் செய்தித்தாள்களில் வந்தன. எதிர்ப்புக்குப் பிறகே அவை அகற்றப்பட்டன.

ஒரு வியப்பான ஒற்றுமையைச் சொல்ல வேண்டும். முரளி கபே மறியல் தொடங்கிய அதே 1957இல் உலகச் சைவ உணவு மாநாடு இந்தியாவில் நகர்தோறும் நடந்து சென்னைக்கும் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் அடையாறு கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைத் தடுப்புக்காக 1953இல் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவரே. அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கூற, 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். அதன் தலைமையகம் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்னையிலேயே இருந்தது. 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பும் இந்நகரத்தில் பிறந்ததே. பேசாத உயிர்களுக்காகச் சென்னை செய்தது பெரிது. அதில் எனக்குப் பெருமை உண்டு. எங்கள் விலங்கியல் ஆய்வகத்தில் இன்று தவளைகள் அறுபடுவதில்லை என்பதும் அந்த நீண்ட முயற்சியின் தொடர்ச்சியே. (அறுத்துப் பழகிய மூத்த ஆசிரியர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு என்பதை அறிவேன்!)

ஆனால் ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், அடையாறில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இரக்கம் பேசியவர்களும், திருவல்லிக்கேணியில் மனிதனை மனிதனாக மதி என்று மறியல் செய்து சிறை சென்றவர்களும் இரண்டு கூட்டங்களாகவே இருந்தார்கள். வள்ளலார் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை. புலாலை மறுத்த அவர் 1867இல் வடலூரில் தருமச்சாலை கண்டபோது, வந்தவனின் சாதியைக் கேட்காமல் பசியை மட்டும் கேட்டார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவரது வழி நம் நகரத்தில் ஏன் பரவவில்லை, 'சுத்த சைவம்' என்ற பலகை மட்டும் ஏன் பரவியது என்பது சிந்திக்க வேண்டிய வினா.

நனிசைவம் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுவே. அது கேட்கும் கேள்வி மீன் தின்னும் என்னையும் தயிர்சாதம் தின்னும் அந்த வீட்டுக்காரரையும் ஒன்றாகவே நிற்கவைக்கிறது. அவருடைய தயிரிலும் ஒரு கன்றின் கதை இருக்கிறது. எங்கள் ஆண் கன்றை வியாபாரியிடம் கொடுத்த பின்பு கறந்த பால்தான் சங்கத்துக்குப் போய், வண்டியேறி, பாக்கெட்டாகி, விடியற்காலையில் அவர் வாசலில் விழுகிறது. பிறப்பினால் ஒருவர் சைவர் ஆகலாம். நனிசைவராகப் பிறந்தவர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் தாமாக முடிவெடுத்துத்தான் அங்கே போய்ச்சேர வேண்டும். அந்த மொட்டை மாடியில் மாட்டுக்கறி உண்ணும் வீட்டுப் பிள்ளையும், வெங்காயம்கூடத் தொடாத வீட்டுப் பெண்ணும் ஒரே தட்டிலிருந்து வாழைப்பூ வடை எடுத்ததை நான் கண்டேன். யாரும் யாரையும் என்ன ஆள் என்று கேட்கவில்லை.

இந்தக் குணத்தை நனிசைவர்கள் தொலைத்துவிடக் கூடாது. தங்களைப் புதிய உயர்சாதியாக எண்ணிக்கொண்டு, முட்டை தின்பவனைக் கண்டு முகம் சுளித்தால், பழைய பலகையைப் புது எழுத்தில் எழுதியதாகத்தான் ஆகும். மாட்டின் மேல் வைத்த அன்பு மனிதன் மேல் கையோங்கும் அளவுக்குப் போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களோடு நனிசைவர்களுக்கு உறவு வேண்டாம்.

உடல்நலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. உளுந்தில் அது நிறைவு. உளுந்தில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. ஆகவே இட்லியும் பருப்புச் சாதமும் சக்கையான உணவு என்பது தவறு. அதே வேளையில் வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. நனிசைவர்கள் அதனை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்தே தீர வேண்டும். இதை மறைத்துப் பேசுவது குற்றம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. இந்நிலையில் ஏழைக் குழந்தையின் சத்துணவுத் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்பவர் எவராயினும் அவரோடு நான் வாதாடத் தயார். கொள்கையைத் தேர்ந்தெடுக்க வயிறு நிறைந்திருக்க வேண்டும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 280 ரூபாய்க் காப்பிதான் நனிசைவம் என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. கடற்கரைக்கு மாலை வேளையில் சைக்கிளில் சுக்குக் காப்பி வருகிறது. சுக்கு, மல்லி, கருப்பட்டி, பால் இல்லை. அதை ஒரு நனிசைவ விருந்தில்கூட நான் காணவில்லை. சமூகத்துக்கு நல்லது செய்ய நினைப்பவர்கள் முதலில் அந்தச் சைக்கிள்காரரை அழைத்து வரலாம்.

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருநாளன்று மாட வீதிகளில் நடந்து பாருங்கள். வீட்டு வாசல்தோறும், கடை வாசல்தோறும் பந்தல். பானகம், புளியோதரை, சுண்டல் என்று அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர் வாங்குபவரின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை; நீட்டிய கையை மட்டும் பார்க்கிறார். சுதந்திர நாளன்று கபாலீசுவரர் கோயிலில் அரசு சார்பில் நடக்கும் பொதுவிருந்திலும் அமைச்சரும் தெருவாசியும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். ஆண்டுக்கு ஒருநாள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. அந்த ஒரு நாளுக்கு எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அறுபத்துமூவர் நாளன்று புளியோதரை கொடுக்கும் அதே தெருவில் மறுநாள் வீடு கேட்டால் என்ன சாப்பிடுவாய் என்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

நம் கல்லூரியில் இதற்கு என்ன செய்யலாம்? முதல்வர் அவர்களுக்கும் விழாக்குழு ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் தைப்பொங்கல் விழாவில் துறைக்கொரு பானை வைக்கிறோம். சர்க்கரைப் பொங்கலில் நெய்யை நீக்குங்கள் என்றால் யாரும் ஒப்பமாட்டார்கள், நானே ஒப்பமாட்டேன். எங்கள் விலங்கியல் துறைப் பானையை மட்டும் பாலின்றி, தேங்காய்ப்பால் விட்டு, தேங்காய் எண்ணெயில் வறுத்த முந்திரி போட்டுப் பொங்கிப் பார்க்க அனுமதி வேண்டும். பானையருகே எந்தப் பலகையும் வைக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் வாங்கட்டும். கேண்டீன் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். ஒரு பானைக்கு ஆறு தேங்காய் போதுமாம். துருவுவதற்குத்தான் ஆள் வேண்டும் என்கிறார்.